மீன்படிக்குத் திறப்பு விழா

நந்தியாற்றுத் தடுப்பணையில் மீன் ஏறிப் போகப் படிக்கட்டு கட்டியாயிற்று. படிக்குப் படி சின்னத் தொட்டி. மீன் ஒன்றில் துள்ளி விழுந்து, இளைப்பாறி, அடுத்ததற்குத் தாவும். வரைந்து கொடுத்தவள் இளம் பொறியாளர் ஷோபனா. புது வெள்ளத்தில் சினைக்கெண்டைகள் மேலே போய் முட்டையிட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை.

கந்தசஷ்டி தொடங்கிய அன்றே வெள்ளம் வந்தது. திருத்தணியே விரதத்தில் இருந்ததால் வலை வீச ஆளில்லை. கெண்டைகள் அணைக்குக் கீழே வந்து குவிந்தன. படிக்குத் தண்ணீர் விடும் மதகில் மட்டும் பூட்டு தொங்கியது.

"சார், சாவி குடுங்க. இப்ப தொறந்தா அத்தனையும் ஏறிடும்" என்று மேலதிகாரி வெங்கடேசனிடம் கெஞ்சினாள்.

"சேர்மன் வந்து ரிப்பன் வெட்டாம எப்படிமா ஏறும்? சஷ்டி முடியட்டும். மீனுக்கு இன்னா அவசரம்?"

காண்ட்ராக்டர் கஜபதியோ படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். மலைப்படிக்குப் பூசை போட்டே பழகிய ஊர். கண்ணில் பட்ட படியை விடுமா? பக்கத்தில் ஒருவன் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"மீனுக்கு எதுக்குங்க கைப்பிடி?"

"சேர்மன் ஏறுவாரு இல்ல மேடம்? தண்ணி வுட்டா பாசி புடிச்சுக்கும். அவரு வழுக்கி வுயுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

தினமும் காலையில் போய்ப் பார்த்தாள். கெண்டைகள் துள்ளித் துள்ளிக் காங்கிரீட்டில் முட்டிக்கொண்டு விழுந்தன. பூட்டை உடைக்க ஒருநாள் கல்லைக்கூட எடுத்துவிட்டாள். வேலை போய்விடுமே என்ற பயம் வந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விரதம் முடிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரே வலையோடு ஆற்றில் இறங்கியது. பத்து மணிக்கு மேளம் கொட்டியது. சேர்மன் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி ரிப்பன் வெட்டினார். மதகு திறந்தது. தண்ணீர் மஞ்சளையும் குங்குமத்தையும் கழுவிக்கொண்டு, ஷோபனா வரைந்தபடியே தொட்டிக்குத் தொட்டி அழகாக இறங்கியது. ஏறத்தான் ஒரு மீனும் இல்லை.

அணைக்கு மேல்புறம் பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள். ஷோபனாவின் இலையில் கெண்டைக் குழம்பு விழுந்தது. துண்டு கொள்ளாமல் சினை.

"சாப்பிடுமா" என்றார் வெங்கடேசன், வாய் நிறைய. "மேல ஏறணும் ஏறணும்னு அட்ச்சுகினியே. கூடை கூடையா அத்தனையும் ஏறிடுச்சு பாரு!"

ஷோபனா இலையை மூடிவிட்டு எழுந்தாள்.