வளைவுக்கு ஒரு காரணம்

அண்ணியின் உடலை எடுக்க அண்ணன் விடவில்லை. "இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம், தெருக்காரங்க வருவாங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அவர் சொன்ன தெருவை இடித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் இருந்த முப்பத்தாறு வீட்டுக்காரர்களில் அன்று வந்தது இரண்டே வீடு. மற்றவர்கள் வராததற்குக் காரணம் நான்தான். அது அண்ணனுக்குத் தெரியாது.

எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன்தான் பஸ் கண்டக்டராகி என்னைப் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. முதல் நாள் என் மேஜையையும் சாய்வுப் பலகையையும் பார்க்க, அண்ணன் சீருடையோடே வந்து நின்றார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி" என்றார். எனக்கு மானம் போயிற்று.

பாலத்துக்குப் புதிய சாலை போடத் திட்டம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு. ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஆலை முதலாளி, பத்திரிகை முதலாளி, தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி. யாரும் இவர்களுக்கு ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் எங்கே வரும், சந்தை எங்கே போகும், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வரும். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் ஏழைகளுக்கு இலவசமாக ஊசி போட்டவர். ஊருக்கு நல்லது எது என்று தங்களுக்குத்தான் தெரியும் என்று மனதார நம்பினார்கள், அவ்வளவுதான். எங்கள் எஞ்சினியரோ அவர்கள் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ரகம்.

எஞ்சினியர் சொன்னபடி சாலையை நேர்கோடாகப் போட்டிருந்தேன். அந்தக் கோடு ஐந்து பேரும் சாயங்காலம் கூடும் கிளப்பின் டென்னிஸ் மைதானத்தில் ஒரு மூலையை வெட்டியது. பதினோரு அடி. அதற்கு ஒரு கூட்டம்.

படத்தைப் பிடித்துக் காட்ட என்னையும் அழைத்தார்கள். கோட்டைக் கிழக்கே வளைக்கலாம் என்பதில் ஐந்து பேருக்கும் சம்மதம். ஏன் வளைத்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். எஞ்சினியர் திருதிருவென்று விழித்தார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

எட்டு வருஷ வேலையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் தன் கையாலேயே எனக்கு டீ ஊற்றி வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம்.

"பாலத்துக்கு முன்னால வண்டிங்க வேகம் குறையணும் சார். நேர் ரோடுன்னா குறையாது. முன்னாடியே ஒரு வளைவு வச்சா பாதுகாப்புன்னு காட்டலாம்."

வக்கீல் மேஜையைத் தட்டினார். "பிரமாதம்! அப்படியே எழுதுங்க." அந்த அறையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான். அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒரு ஊர் எப்படி உருவானது என்று எழுதுகிறவர்கள் ஆணை போட்டவர்களின் பெயரைத்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்குக் காரணம் எடுத்துக் கொடுத்த என்னைப் போன்றவர்களை விட்டுவிடுகிறார்கள். நமக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது.

கிழக்கே அண்ணன் குடியிருந்த தெரு. அது தெரியாமல் செய்தேன் என்றால் இன்னொரு பொய் சொன்னவள் ஆவேன். தெரியும். ஆட்சேபம் கேட்பார்கள், தெருக்காரர்கள் எழுந்து கத்துவார்கள், கோடு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும் என்று நினைத்தேன். நல்ல பெயர் எனக்கு, சண்டை அவர்களுக்கு என்று கணக்குப் போட்டேன்.

ஆட்சேபம் கேட்கிற நாளில் கூடம் நிறைந்திருந்தது. தெருக்காரர்கள் பேச அனுப்பியது அண்ணனைத்தான். குழாயடிச் சண்டை முதல் பாகப்பிரிவினை வரை அவர் தீர்த்து வைத்த தெரு அது. கையில் முப்பத்தாறு வீட்டுக் கையெழுத்தோடு மனு. பின்னாலேயே எதிர்வீட்டுத் தையல்காரர். பேச ஆரம்பித்த அண்ணன், மேஜை ஓரத்தில் படத்தோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார்.

நீதிபதி என்னை விளக்கச் சொன்னார். வேகம், திருப்பம், பாலம் என்று ஒப்பித்தேன்.

அண்ணன் கேட்டார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. இந்த வளைவு அவசியம்தானா?" எல்லார் முன்னாலும் என்னை அம்மா என்றார். தங்கை என்று காட்டிக்கொண்டால் என் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று பார்த்திருப்பார்.

"அவசியம்தான்" என்றேன்.

அவர் பின்னால் திரும்பினார். "பாலத்துக்கிட்ட வண்டிங்க கண்ணுமண்ணு தெரியாம வர்றதை நானே தினம் பார்க்கிறேன். உயிர் விஷயம். கணக்குப் போட்டுத்தான் சொல்றாங்க." மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தையல்காரர் அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அண்ணன் அவரைத் தோளில் தட்டி உட்கார வைத்தார்.

நாலு மாதத்தில் தெரு இல்லை. ஊருக்கு வெளியே மூலைக்கொன்றாக அடுக்குமாடிகளில் வீடு கொடுத்தார்கள். தையல்காரரின் மெஷினுக்கு மூன்றாம் மாடிவரை ஏறி வந்து துணி கொடுப்பார் இல்லை. கண்டக்டர் விலை போய்விட்டார் என்று முதலில் சொன்னது அவர்தான். பிறகு எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் யாரிடமும் மல்லுக்கு நிற்கவில்லை. "உள்ள விஷயம் புரியாம பேசறாங்க" என்பார், நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு.

அண்ணிக்கு எல்லாம் முடிந்த பதினேழாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த வளைவு தேவையே இல்லை. ஒரு எச்சரிக்கைப் பலகை போதும். கிளப்புக்காக வளைச்சாங்க. காரணம் நான் சொல்லிக் கொடுத்தது."

ஊசி நின்றது. என் முகத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டேனே" என்றார்.

"ஆமாம்."

"உன் பேச்சை நம்பித்தானே மனுவை மடிச்சேன்." "உங்கண்ணி கடைசி வரைக்கும் சொன்னா, ஏதோ தப்பு இருக்குங்கன்னு. நான் அவளைத்தான் அதட்டினேன்."

அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. பாதிப் பொத்தானோடு அந்தச் சட்டையையே மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

இரண்டு பஸ் மாறி, தையல்காரர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் அண்ணனைப் பார்த்ததும் சாத்தப் போனார். "என் தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு சாத்திக்குங்க" என்றார் அண்ணன்.

வாசலில் நின்றே சொன்னேன். பதினோரு அடி, டீ, பலகை எல்லாவற்றையும் சொன்னேன்.

தையல்காரர் ஒன்றே கேட்டார். "அப்போ நேரா போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்."

அவர் அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "உங்க வீட்டம்மா போனதுக்குக்கூட நான் வரலியே" என்று வாய்விட்டு அழுதார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னை அவர் உள்ளே கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

பஸ்ஸில் திரும்பினோம். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் அண்ணன் சொன்னார்.

"என் வீடும் இவர் வீடும் போக இன்னும் முப்பத்தி நாலு வீடு இருக்கு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு."

"அதுல ஒன்பது பேர் செத்துட்டாங்கண்ணா."

"அவங்க பிள்ளைங்க இருக்காங்க" என்றார்.