சட்டி சுமந்த தலை

கிடங்குக்காரி எழுதிய இங்கிலீஷ் கதை நாத்தனார் கைக்குப் போனபோது பதினொரு பக்கம். திருத்தி வந்தபோது எட்டுப் பக்கம். மூன்று பக்கம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. புடைத்தால் உமி போகத்தான் செய்யும்.

பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் சாமான் கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது. காலையில் கையுறை, மண்வெட்டி, தலைக்கவசம் எல்லாம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பாள், மாலையில் திருப்பி வாங்கி வைப்பாள். அதற்கு முன் பதினாறு வருஷம் தலையில் கலவைச் சட்டி சுமந்தவள். பல பாஷைக்காரர்கள் சேர்ந்து உழைக்கிற இடம் அது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான், அதுவும் பலகைகளில் எழுதி மாட்டிய இங்கிலீஷ். நிற்காதே, தொடாதே, கீழே பார், மேலே பார். அவள் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பலகைகள்தான். கிடங்குக்கு வந்த பிறகு தாள்களைப் படித்துப் படித்துக் கூட்டிக்கொண்டாள்.

உழைப்பாளிகள் இங்கிலீஷில் எழுதிய கதைகளைப் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பகம் கேட்டிருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி மூன்றாகப் போகிறது.

விடுமுறை நாள். சமையலறை மேஜையில் நாத்தனாரின் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. நாத்தனார் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வருகிற கடிதங்களுக்கெல்லாம் நாலு வரியில் இஸ்திரி போட்ட மாதிரிப் பதில் எழுதுவாள். உள்ளறையில் அவளுடைய அண்ணன், அதாவது கிடங்குக்காரியின் வீட்டுக்காரர், வாரம் முழுக்கக் கிரேன் ஓட்டிய முதுகைக் கட்டிலில் நீட்டியிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உங்க கதையில புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டாக்கூட ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துச்சு."

"உங்க அண்ணன் அப்படித்தான் பேசுவார்."

உள்ளறையிலிருந்து ஒரு செருமல் வந்தது.

கிடங்குக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். வெயில் சூடு பண்ணிக்கொண்டிருந்தது என்று அவள் எழுதியிருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு சொல் இருந்தது, அதுவே சுட்டது. அரைப் பக்கத்துக்கு இழுத்திருந்த சாரம் கட்டும் விவரம் மூன்று வாக்கியத்தில் மளமளவென்று ஏறி நின்றது. தன் கதைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பல்லுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும் நார் எதுவும் இல்லை. நாத்தனார் கெட்டிக்காரிதான், சும்மா சொல்லக் கூடாது.

ஆறாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

கதை கொக்கைப் பற்றியது. கொக்கு என்பது கூட வேலை பார்த்தவளின் பட்டப்பெயர். கழுத்து நீளம். சட்டியைத் தூக்கி வைத்தால் அந்தக் கழுத்து நட்ட கம்பம் மாதிரி நிற்கும். மூன்றாம் அடுக்குச் சாரத்தில் ஒரு பலகையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். கொக்கு சட்டியோடு ஏறினாள். கீழேயிருந்து மேஸ்திரி ஏதோ கத்தினான். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த அடி வைத்தாள்.

"இங்க நான் வேற எழுதியிருந்தேனே."

"எது?" நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஓ, அதுவா. மேஸ்திரி கத்தறான், இவ தலை காலியா இல்லாததால தலை ஒண்ணும் சொல்லல, கழுத்து அப்படியே இருந்துச்சுன்னு ரெண்டு வரிக்கு வளைச்சு வளைச்சு எழுதியிருந்தீங்க. ஒண்ணும் புரியல. கத்தினான், அவ தலையாட்டிட்டு ஏறினான்னு மாத்திட்டேன். ஷீ நாடட். ரெண்டே சொல்லு. வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி இல்ல?"

"எறங்குது. ஆனா தலையில சட்டி இருக்கே."

"இருக்கட்டுமே. லேசா ஆட்டியிருப்பா."

"லேசாவா."

கிடங்குக்காரி எழுந்தாள். கொடியிலிருந்து துண்டை இழுத்து முறுக்கிச் சும்மாடு கட்டினாள். வாயகன்ற அலுமினியச் சட்டியைக் குழாயடியில் வைத்து விளிம்புக்கு இரண்டு விரல் குறைய நிரப்பினாள். நாத்தனார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணி, நேத்துதான் தலைக்குக் குளிச்சேன்."

"எந்திரி. கலவை இதைவிட மூணு பங்கு கனம்."

நாத்தனார் எழுந்து நின்றாள். சும்மாடு ஏறியது, அதன்மேல் சட்டி ஏறியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் கீழே உருட்டிப் பார்த்தாள். ஆபீசில் யாருக்கும் அஞ்சாதவள், இப்போது அடுப்படியிலிருந்து வாசல்வரை பூனை மாதிரி நடந்தாள்.

"திரும்பி வா. அப்படித்தான். ஏம்மா, ராத்திரிக்கு இங்கதானே சாப்பிடறே?"

நாத்தனார் ஆமாம் என்று தலையாட்டினாள்.

தண்ணீர் முகத்திலும் ரவிக்கையிலும் தரையிலும் கொட்டியது. சட்டி உருண்டு போய்க் கதவில் மோதி நின்றது. கிடங்குக்காரி ஒரே பாய்ச்சலில் கம்ப்யூட்டரை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கதை எழுதறீங்களா, இல்ல வீட்டைக் கழுவறீங்களா?" உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"உன் பொண்டாட்டி எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாண்ணா."

நாத்தனார் சும்மாட்டை அவிழ்த்து அதே துண்டால் முகத்தைத் துடைத்தாள். கோபம் வரும் என்று கிடங்குக்காரி எதிர்பார்த்தாள். வரவில்லை. ஈரத்தோடு உட்கார்ந்து அந்த இரண்டு சொல்லையும் பார்த்தாள்.

"சரி, தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். படிக்கறவன் எவனும் சட்டி தூக்கினவன் இல்ல. அவனுக்கு இது உறைக்காது. இதுக்குப் போயா இவ்வளவு?"

கிடங்குக்காரி கம்ப்யூட்டரை மேஜையில் வைத்தாள்.

"கொக்கு கீழ விழுந்தா இல்ல, அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு நடந்துச்சு. மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? பலகை இல்லன்னு எச்சரிச்சேன், சரின்னு தலையாட்டினா, ஆட்டிட்டு அவளாப் போய்க் கால வெச்சான்னான். அதையே எழுதிக்கிட்டாங்க. அவ தப்புன்னு முடிஞ்சுபோச்சு. ஒம்பது வருஷம் ஆச்சு. இன்னும் சைட்டுல புதுசா வர்றவங்ககிட்ட அவ கதையைத்தான் சொல்றாங்க. சொல்லியும் கேக்காதவளுக்கு என்ன கதின்னு."

கொக்கை நாத்தனாருக்கும் தெரியும். மூன்று தெரு தள்ளித் தையற்கடையில் காஜா எடுக்கிறவள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துத்தான் நடப்பாள்.

"நீ எழுதினது அந்த மேஸ்திரி எழுதின வரிதான். அவன் வேணும்னு எழுதினான். நீ நல்லா இருக்கட்டும்னு எழுதினே."

நாத்தனார் அந்த வாக்கியத்தை அழித்தாள். பழைய வாக்கியத்தைத் தேடிப்பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டு மாற்றினாள். வளைவை நிமிர்த்தினாள், கழுத்தை நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே விட்டாள். முடிவில் இப்படி நின்றது: மேஸ்திரி கத்தினான். அவள் தலைமேல் சட்டி இருந்தது, அதனால் அந்தத் தலை ஆமாம் சொல்லவுமில்லை, இல்லை சொல்லவுமில்லை.

"இப்ப?"

"இப்ப சரி."

மணி நாலு இருபது. அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் நாத்தனார் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கடிதத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு.

"இன்னொரு இடம் இடிக்குது அண்ணி. கொக்குக்குப் பின்னால இன்னொருத்தி சட்டியோட வர்றா. ஆறாம் பக்கத்துல இருக்கா. ஏழாம் பக்கத்துல விசாரணை நடக்கும்போது ஆளே இல்ல. அவதானே கழுத்தைப் பார்த்தவ? அவளை யாரும் கேக்கலையா?"

குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கிடங்குக்காரி போய் அதை இறுக மூடினாள். திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டாள்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னா?"

"ஒரு பெரிய மேஜை. அந்தப் பக்கம் நாலு பேரு. இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாங்க. எனக்கு அப்ப யெஸ்ஸும் நோவும்தான் தெரியும். கொக்கு பேரு மட்டும் காதுல விழுந்துச்சு. அவளைத் தெரியுமான்னு கேக்கறாங்கன்னு நினைச்சு ஆமாம்னு தலையாட்டினேன். அடுத்து ஒண்ணு கேட்டாங்க. அதுக்கும் ஆட்டினேன். பெரிய மனுஷங்க முன்னால நாம வேற என்ன செய்வோம், பூம்பூம் மாடுதானே. எழுதி முடிச்சிட்டாங்க. வெளிய வந்தப்புறம் ஒருத்தன் விளக்கமாச் சொன்னான், அவ தலையாட்டினதை நீ பார்த்தியான்னு கேட்டாங்களாம்."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவரும் விழித்துத்தான் இருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

"கொக்குக்குத் தெரியுமா?"

"சொல்லல. வாரம் ஒருநாள் போய்ப் பார்க்கறேன். காஜா எடுத்துக் குடுக்கறேன். சொல்லல."

"ஏழாம் பக்கத்துல அவ இல்லாதது அதனாலதானா?"

கிடங்குக்காரி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள். ஒரு எழுத்து, அப்புறம் தேடல், அப்புறம் இன்னொரு எழுத்து. நாலரை தாண்டியது. ஐந்து வாக்கியம் வந்தது. பின்னால் வந்தவள் நான். விசாரணை அன்றைக்கு என் தலையில் சட்டி இல்லை. அதனால் அது ஆடியது. கேள்வி எனக்குத் தெரியாது. கொக்கு தலையாட்டவில்லை, ஆட்டினது நான்.

இங்கிலீஷில் அந்த ஐந்தும் நொண்டின. ஒன்றில் காலம் தவறு, இன்னொன்றில் சொல்லே தவறு. நாத்தனாரின் கை தன்னையறியாமல் நீண்டது. பிழை கண்டால் சொறியாமல் இருக்க முடியாத கை. பாதி வழியில் நின்று, ஈரத் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தது.

"திருத்தலையா?"

"புரியுது அண்ணி. புரியறதை எதுக்குத் திருத்தணும்."

நாத்தனார் மணி பார்த்தாள். நாலு ஐம்பது.

"அனுப்பினா அச்சுல வரும். வராமலும் போகலாம். வந்தா கொக்கு தெருவுல யாராவது படிச்சுச் சொல்லுவாங்க."

"அதுக்கு முன்னால நான் சொல்லிடறேன். அஞ்சரைக்குக் கடை மூடுவா."

"அப்ப அனுப்பட்டுமா?"

தலை ஆடப் பார்த்தது. பழக்கம். கிடங்குக்காரி அதை நிறுத்தினாள்.

"அனுப்பு" என்றாள் வாய்விட்டு.

பிறகு செருப்பைத் தேடினாள். தரை முழுக்க ஈரம். ஒரு செருப்பு கதவடியில் கவிழ்ந்த சட்டிக்கு அடியில் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து குனிந்து அதை எடுத்து, சட்டையில் துடைத்து அவள் காலடியில் போட்டார்.

"நானும் வரட்டுமா?"

"வேணாம். நீங்க தரையைத் தொடைங்க."