மாமனார் காருக்கு மாற்றிய ஆயில்

மூத்த மருமகனை மாமனார் வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுவார். இளையவன் மெக்கானிக், அவனுக்கு ‘ஏம்ப்பா’தான். சொல்லாமல் கொள்ளாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்ற மகளை அவர் ஒரே வாரத்தில் மன்னித்துவிட்டார். கூட நின்றவனை ஒன்பது வருஷமாகியும் மன்னிக்கவில்லை.

அவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. மெக்கானிக்கைவிட அதற்கு வயது அதிகம். இளைய மகள் வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். வீட்டு விசேஷம் எதற்கும் மெக்கானிக்கிடம் யோசனை கேட்காத மாமனார், அந்தக் கார் மக்கர் பண்ணினால் மட்டும் போன் போட்டுக் கூப்பிடுவார்.

அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் சாவியைத் திருகினால் இன்ஜின் முக்கி முனகி, நாலாவது முறைக்குத்தான் கண் திறந்தது. குளிரில் ஆயில் இறுகுகிறது, மாற்ற வேண்டும். அதுவரை எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். எதை ஊற்றுவது என்பதில்தான் வினை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சகலை ஒரு பளபளக்கும் ஆயில் டப்பாவைத் தூக்கி வைத்தார். அவர் வங்கி மேனேஜர்.

“மாமா, இது லேட்டஸ்ட். தண்ணி மாதிரி இருக்கும், எந்தக் குளிர்லயும் ஓடும். உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவிக் கொண்டுவந்துடும்.”

“அந்தக் கழுவறதுதான் மாமா ஆபத்து” என்றான் மெக்கானிக். “இத்தனை வருஷமா நீங்க ஊத்தினது பழைய ரக ஆயில். அழுக்கெல்லாம் அடியில கசடா படிஞ்சு கிடக்கு. இதை ஊத்தினா அது மொத்தமா கிளம்பி, ஆயில் ஏறுற வழியை அடைச்சிடும். முதல்ல இன்ஜினோட அடித்தட்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். இல்லையா, பழைய ரகத்துலயே குளிருக்குன்னு கொஞ்சம் இளகினது இருக்கு, அதை ஊத்திச் சமாளிப்போம்.”

“அவர் சொல்றதையும் கேளுங்களேன்ப்பா” என்றாள் அவன் மனைவி.

மாமனார் சிரித்தார். “ஏம்ப்பா, மாப்பிள்ளை படிச்சவரு, நாலு இடத்துல விசாரிச்சுத்தான் வாங்கியிருப்பாரு. உனக்கு எதையாவது பிரிச்சுப் போடலைன்னா சோறு இறங்காதே!”

மேஜையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். காது மடல் மட்டும் எரிந்தது.

மறுநாள் காலை ஆயிலை மாற்றியவனும் அவனேதான். காருக்கு அடியில் படுத்து, வடிகால் போல்ட்டைத் திருகினான். தார் நிறத்தில் ஒழுகிய ஆயில் நடுவில் தடைபட்டது. விரலைவிட்டுத் துழாவினான். கறுப்புக் களிம்பு கட்டி கட்டியாக வந்தது. மாமனார் பத்தடி தள்ளி, வாசலில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்து, விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும்.

‘பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்’ என்று நினைத்தான். விரலைத் துணியில் துடைத்துப் போல்ட்டை முடுக்கினான். டப்பாவைத் திறந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

கார் முதல் திருகலிலேயே கிளம்பியது. “பார்த்தியா?” என்றார் மாமனார்.

மூன்றாவது வாரம், அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக இளைய மகள் காரை எடுத்தாள். மேட்டுச் சாலையில் பாதி ஏறும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அது என்னவென்று அவள் குனிந்து பார்ப்பதற்குள் இரும்பு அலறும் சத்தம் கேட்டு வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் போய்க் கட்டி இழுத்து வரும்வரை, அப்பனும் மகளும் இரண்டு மணி நேரம் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டறையில் இன்ஜினைப் பிரித்தான். ஆயில் ஏறும் வழியில் இருந்த வலைச் சல்லடை முழுக்கக் கசடு. பேரிங்குகள் உருகி ஒட்டியிருந்தன. அதற்கு இனி எந்த ஊரிலும் பாகம் கிடைக்காது. மாமனார் உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “ஆயில் மாத்தினது அவன்தான்” என்றார்.

மனைவி பட்டறைக்கு வந்தாள். பிரித்துப்போட்ட இன்ஜின் பக்கத்தில் நின்று அழுதாள்.

“விளக்கு எரிஞ்சதுமே நான் நிறுத்தியிருக்கணும்.”

“நிறுத்தியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கசடு அவ்வளவு இருந்துச்சு.”

அவள் அழுகை நின்றது. “இருந்துச்சுன்னா? அன்னிக்கே பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அப்பாகிட்ட காட்டினீங்களா?”

“ஒருதடவை சொன்னேனே, நீயும்தானே இருந்தே.”

“சொன்னதைக் கேக்கலை. காட்டினீங்களான்னு கேக்கிறேன்.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். வீட்டில் அதற்குப்பின் சண்டையும் வரவில்லை, அந்தப் பேச்சும் வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது.

காரை எடைக்குப் போட்ட அன்று சகலை போன் செய்தார்.

“தப்பெல்லாம் தன்மேலதான்னு அவ மாமாகிட்ட சொல்லிட்டா. விளக்கைப் பார்த்தும் நிறுத்தாம ஓட்டினாளாம். மாமா அவளோட முகம் கொடுத்தே பேசறதில்லை. பாவம், நீங்களும் அவளைத் திட்டிடாதீங்க சகலை.”

உண்மையைச் சொல்ல அவனுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. “சரி” என்று சொல்லிப் போனை வைத்தான்.