இறந்தானாம்

என் அண்ணி திமோத்தேயாவின் ஒரே மகன் விதால். தங்கம் அரிக்கும் வேலைக்காக மாத்ரே தே தியோஸ் ஆற்றுப் பகுதிக்குச் சென்ற அவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டான் என்ற செய்தி சந்தை வழியாக எங்கள் மலையை வந்தடைந்தது. உடல் கிடைக்கவில்லை; நேரில் பார்த்தேன் என்று எவரும் முன்வரவும் இல்லை. ஆகவே மாகாண அலுவலகம் தேடிக்கொண்டிருந்தது; அண்ணி காத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கெச்சுவா மொழியில், சொல்லப்படும் செய்தி கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா என்பதை விகுதியே வெளிப்படுத்திவிடும். கண்டதற்கு ‘மி’, கேட்டதற்கு ‘சி’. தமிழில் ‘ஆம்’ சேர்ப்பதைப் போன்றது பின்னது. இவ்விகுதிகளை ஆராய்வதற்கென்றே பேராசிரியை லெதீசியா நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, எங்கள் அடுப்படிகளில் அமர்ந்து பேச்சுகளைப் பதிவு செய்தார். அண்ணி தம் மகனைப் பற்றிப் பேசினார். ‘ஆற்றில் இறந்தானாம்’ என்றே அவர் கூறினார்.

நூல் வெளிவந்தது. ஸ்பானிய மொழிபெயர்ப்பில் அவ்வாக்கியம், ‘என் மகன் ஆற்றில் இறந்தான்’ என்று நின்றது. மரியாதை நிமித்தம் அலுவலகங்களுக்கும் படிகள் அனுப்பப்பட்டன. அதைப் படித்த அதிகாரி, தாயே சொல்லிவிட்டாள் என்று கருதித் தேடுதலை நிறுத்திவிட்டார்.

செய்தியறிந்த பேராசிரியை பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூவருமாக அலுவலகம் சென்றோம். அண்ணிக்கு ஸ்பானியம் தெரியாது. தலை நரைத்தபின் பள்ளி சென்று அம்மொழியை இலக்கணத்தோடு கற்றவனாகையால், நானே இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

“சார், தப்பு எங்க மேலதான். இவங்க சொன்னது ‘இறந்தானாம்’. காதுல விழுந்ததச் சொல்றப்ப சேர்ற விகுதி அது,” என்றார் பேராசிரியை.

“ஒரு எழுத்துக்காக மறுபடியும் ஆத்துக்கு ஆள் அனுப்பச் சொல்றீங்களா மேடம்? சரி, யார் சொல்லிக் கேட்டாங்களாம்?”

“ஊரு சொல்லுது,” என்றார் அண்ணி.

“ஊருக்கு அடையாள அட்டை இருக்கா?”

அருகிலிருந்த எழுத்தர் சிரித்தார். ஆயினும் அதிகாரி கொடியவர் அல்லர். கோப்பை விரித்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அம்மா, அச்சுல வந்தது நிக்குது. ‘என் பையன் உயிரோட இருக்கான்’னு நீங்களே ஒரு வாக்குமூலம் குடுங்க. தேடுதல இப்பவே மறுபடி ஆரம்பிச்சுடறேன்.”

அண்ணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “விதால் உசுரோட...” என்று தொடங்கி நின்றுவிட்டார். அடுத்து வரவேண்டியது ‘மி’.

“சொல்லுங்க அண்ணி.”

“நான் பாக்கலையே தம்பி.”

“பாத்த மாதிரி சொல்லிடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?”

“அவருக்குத் தெரியாது. பொய்யக் கொண்டுபோய் எம்புள்ள உசுரு மேல வெக்கச் சொல்றியா?”

“அப்ப ஸ்பானியத்துல சொல்லுங்க. நான் சொல்லச் சொல்ல அப்படியே சொன்னாப் போதும். அதுல கண்டதா கேட்டதான்னு யாரும் கேக்கமாட்டாங்க.”

“அந்தப் பாஷையிலதானே தம்பி அவனச் சாகடிச்சாங்க!”

பேராசிரியையின் கை தன்னையறியாமல் பேனாவைத் தேடிப் பைக்குள் நுழைந்தது. அதை நான் கவனித்ததைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது. கையை வெறுமையாகவே வெளியே எடுத்தார்.

அண்ணி அதிகாரியின் பக்கம் திரும்பி, “உசுரோட இருப்பானோ என்னவோ,” என்றார். எங்கள் மொழி அவருக்கு அவ்வளவுதான் அனுமதித்தது. நான் அதை மொழிபெயர்த்தேன்.

“‘என்னவோ’வ எந்தக் கட்டத்துலய்யா எழுதறது?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

பேராசிரியையைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பு மூடப்பட்டது. எழுத்தர் அடுத்தவரின் பெயரை அழைத்தார்.

வெளிவாசலில் அண்ணி என் கையைப் பற்றினார்.

“தம்பி, கடைசியா நான் சொன்னத அவரு எழுதிக்கிட்டாரா?”

“எழுதல அண்ணி.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே எழுதல.”