உதட்டைத் தூக்காதீங்க

என் மனைவி இறந்த அதே விபத்தில் எனக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டு போயின. தாங்கிய எலும்பும் நொறுங்கியதால் அந்த இடத்தில் ஈறு பள்ளமாக உள்வாங்கிவிட்டது.

ஈறு அறுவை செய்பவள் என் மனைவியின் தங்கை.

"இப்படியே பல் கட்டினா குதிரைப் பல் மாதிரி நீளமா நிக்கும், மாமா. அண்ணத்துலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறுக்குள்ள வெச்சுத் தைக்கிறேன். மேடாயிடும். அப்புறம் பல்லு."

அவள் தனியாகச் செய்யப்போகும் முதல் ஒட்டு. சதை பிடிக்காவிட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அவள் பேரும் கெடும். "நான் செய்யட்டுமா?" என்று தலைமை மருத்துவர் கேட்டார். அவளே செய்யட்டும் என்றேன்.

ஊசி போட்டுவிட்டுக் கேட்டாள்: "மரத்துப்போச்சா?"

"உதட்டையா கேக்கற?"

கத்தியை எடுத்தாள்.

முடித்ததும் ஒரே கட்டளை. "உதட்டைத் தூக்கிப் பாக்காதீங்க. எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. இழுபட்டா ஒட்டு நகர்ந்துடும்."

வீட்டில் மாமியார் காத்திருந்தார். தையல்கடை வைத்திருப்பவர்.

"காட்டுங்க மாப்பிள்ளை. ஒரு பட்டன் ஒழுங்காத் தைக்கத் தெரியாது அவளுக்கு. அவ தையலை நான் பாக்க வேணாமா?"

"கூடாதாம், அத்தை."

"ஓரமா, துளியூண்டு."

தினமும் இதே பாட்டு. நான் வாயைத் திறக்கவில்லை, விபத்திலிருந்தே அது பழகிப்போயிருந்தது. கண்ணாடி பார்த்தும் வெகு நாளாயிற்று. முகம் கழுவுவேன், திரும்பிவிடுவேன்.

தையல் பிரிக்கும் நாளில் மாமியாரும் கூடவே வந்தார். மச்சினி என் உதட்டைத் தூக்கினாள். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பிடிச்சிருக்கும்மா." முகக்கவசத்தை இறக்கினாள். "நல்லா மேடா இருக்கு. மாமா ஒருதரம்கூட தூக்கிப் பாக்கலை."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "சுருக்கமில்லாம, கோணாம... யார்கிட்டடி கத்துக்கிட்ட?"

"உன்கிட்ட இல்ல."

"திமிரைப் பாரு!" என்றவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனார். வரிசையில் கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என் சின்னவ தைச்சதுங்க. பாருங்க."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். "தூக்கலாமா?"

"ஒரே ஒருதரம்," என்றாள் மச்சினி.

நானே உதட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் வலியை மறந்து எட்டிப் பார்த்தார்.

"என் மச்சினி," என்றேன், யாரும் கேட்காமலே.