அவிழ்ந்தால்தான் உள்ளே

…புரதம் மடிந்தபடி உள்ளே போக முடியாது, அதைத்தான் முதல் வசனமாகச் சொல்லவேண்டும், வணக்கத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், பதினைந்து நிமிட மாதிரிப் பாடத்தில் வணக்கத்துக்கே இரண்டு நிமிடம் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்தபடி ஜெயரூபி முன் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நிலாவெளியில் ஏறியதிலிருந்து இது ஐந்தாவது ஒத்திகை, ஒரு இடத்திலும் தடக்கவில்லை. போன நேர்முகத்தில் அந்தக் கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே அல்லவா வெட்டினார், "பிள்ளைக்குப் பாடம் தெரியும், ஆனா கேக்கிறவைக்குக் கண்ணுக்கு முன்னால ஒண்டும் வரேல்லை, ஒரு உதாரணம் சொல்லியிருக்கலாம்." சரி ஐயா, இன்றைக்குச் சொல்லுகிறேன், கேளுங்கள். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி, உயிரியலுக்கு ஒரே ஒரு விரிவுரையாளர் இடம், அடுத்த வருடம் அவளுக்கு வயதெல்லை தாண்டிவிடும், இதை விட்டால் இல்லை… விடமாட்டாள்.

புரதம் பிறக்கும்போதே அதன் தலைப்பில் சின்னத் துண்டொன்று இருக்கும், விலாசம் எழுதிய துண்டு, அதைப் பார்த்துத்தான் மென்சவ்வில் இருக்கிற கால்வாய் திறக்கும், ஆனால் சுருண்டு மடிந்து நின்றால் விடாது, நூல் மாதிரி நீட்டிக்கொண்டு நுழையவேண்டும், விலாசத்துண்டையும் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள், பிறகு உள்ளே துணைப்புரதங்கள் காத்திருந்து அதை மறுபடி ஒழுங்காக மடித்துவிடும். இதற்கு உதாரணம் தேட அவள் எங்கும் போகவில்லை, அதோ பாலம் வருகிறது, யுத்த காலத்தில் இந்த இடத்தில்தான் ஆமியின் காவலரண், பதினெட்டு வயதில் ரவுணுக்கு ரியூசனுக்குப் போகும்போது எல்லோரும் பஸ்ஸால் இறங்கி, கையில் அடையாள அட்டையோடு ஒற்றை வரிசையில் நடக்கவேண்டும், பையைக் கொட்டிக் காட்டவேண்டும், கறுப்புத் துணி மறைப்புக்குள் ஒருத்தி அவளுடைய இரட்டைப் பின்னலையும் அவிழ்த்து விரலால் அளைவாள், என்ன அவமானம் அது, இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது… அந்தப் பக்கம் போனால், கூட வந்து முன்னமே தாண்டிவிட்ட அம்மா அன்னலட்சுமி வாயில் கொண்டையூசிகளைக் கவ்விக்கொண்டு நிற்பாள், நடக்க நடக்கவே பின்னிவிடுவாள். இதைவிட நல்ல உதாரணம் எந்தக் கண்ணாடிக்காரருக்கு வேண்டும்? பஸ் இப்போது நிற்காமலே பாலத்தைத் தாண்டியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பக்கத்து ஆசனத்தில் நப்லா, இறக்கக்கண்டிப் பிள்ளை, அதே நேர்முகத்துக்குப் போகிறவள், இருபத்தேழு வயதிருக்கும், மடியில் அதே மாதிரிக் கோப்பு, அவளிடம் போய் யாராவது தன் உதாரணத்தைச் சொல்லுவார்களா, ஜெயரூபி சொன்னாள், பெருமை பிடித்த வாய், பின்னல் ஊசி வரைக்கும் விடாமல் சொன்னாள். நப்லா கண் விரியக் கேட்டாள். "எனக்கு அதெல்லாம் நினைவில்லையக்கா, சின்னப்பிள்ளை. நல்லாயிருக்கு. உங்களுக்குத்தான் கிடைக்கும்." அந்த ஒரு சொல்லுக்காகவே அவளை ஜெயரூபிக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்சத் தூரம் போனபிறகு நப்லா கேட்டாள், "நடுவில சிக்கினா என்ன செய்யும்? கட்டாயம் கேப்பாங்க." "ஓம், கேக்கட்டும். சிக்கினதைத் துண்டு துண்டா வெட்ட ஒரு நொதியம் இருக்கு, வெட்டி எடுத்தாப்பிறகு கால்வாய் பழையபடி திறக்கும்." மூச்சு விடாமல் வந்தது பதில், ஜெயரூபிக்கே சந்தோசம். "அப்ப கால்வாய்க்கு நல்லந்தான்," என்று சிரித்தாள் நப்லா, "புரதத்துக்குத்தான் சரியில்லை."

சும்மா சொன்ன சொல், அவள் கோப்பைப் புரட்டத் தொடங்கிவிட்டாள்… புரதத்துக்கு. இராகுலன், அதே ரியூசன், அவளைவிடக் கெட்டிக்காரன், எந்தப் பரீட்சையிலும் அவள் இரண்டாவதுதான், பின் பொக்கற்றில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்து இருந்து அவனுடைய அடையாள அட்டை நடுவில் மடிந்து வெடித்துப்போயிருந்தது, ஒருநாள் இந்தப் பாலத்தடி வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றான், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் அவனை ஒருபக்கமாக நிற்கச் சொன்னார்கள், அவன் அவளைத்தான் பார்த்தான், பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்… இல்லை, அம்மா இழுக்கவில்லை, அதைப் பிறகு தானே சேர்த்துக்கொண்டது, அவளாகத்தான் ஏறினாள், அன்றைக்கு ரியூசனில் மாதிரி வினாத்தாள். பதினோரு நாள் கழித்துத்தான் அவனை வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் புத்தகம் தொடவில்லை, இப்போது நிலாவெளியில் ஹோட்டலுக்கு வருகிறவர்களை ஏற்றி ஓட்டோ ஓடுகிறான், கண்டால் "என்ன ரூபி, சுகமோ" என்பான், "ஓம், சுகம்" என்பாள், அந்தப் பதினோரு நாளைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பஸ் துறைமுகத்தடியில் திரும்பியது. "எழும்புங்கக்கா, அடுத்த ஹோல்ற்ல இறங்கணும்," என்றாள் நப்லா. ஜெயரூபி எழுந்தாள், முதல் வசனம் அப்படியே இருந்தது, இரண்டாவதும் இருந்தது, கண்ணாடிக்காரர் என்ன கேட்டாலும் பதில் இருந்தது, வீட்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பாள் இந்த உதாரணத்தை, நாற்பது தரமாவது இருக்கும், அந்த வரிசையில் ஒரு தரமாவது தனக்குப் பின்னால் யாரையும் நிறுத்தியிருக்கிறாளா…