இஸ்திரி போடாத இஸ்திரி

அண்ணன் மொத்தம் நாலே மாதம் மேட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கரைத்துக் குடித்திருந்தான். நாலு வருடம் படித்தவனுக்குப் பாடம் மட்டும்தான் தெரியும், நாலு மாதத்தில் ஓடி வந்தவனுக்குத்தான் அங்கே உள்ள ஆட்களைத் தெரியும் என்பது அவன் கட்சி. இப்போது அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டியவன், தூங்காமல் சலவைக்கடைக்கு வந்து, அம்மா இஸ்திரி போடும் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கையின் எதிர்காலத்தைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தான்.

"மேட்டுல மொத்தம் மூணு ரகம்," என்றான். "ஒண்ணு, அப்பா பேரைக் கட்டடத்து மேல எழுதி வச்சிருக்கிற ரகம். கோட்டு போட்டுட்டு அலையும். ரெண்டாவது, மெடல் ரகம். பேசாது, சிரிக்காது, நோட்டைக் கையால மறைச்சுக்கிட்டு எழுதும். மூணாவதுதான் மோசம். கிழிசல் கோஷ்டி. பங்களாவுல தூங்கி எழுந்திரிச்சு, கிழிஞ்ச பேண்ட்டை மாட்டிக்கிட்டு, ஏழைகளுக்காக உருகும். நீ இதுல எது?"

"நான் சாயம் படிக்கப் போறவ," என்றாள் சின்னவள்.

"அதான் சொல்றேன். எந்த ரகமும் இல்ல. சாப்பாட்டு ஹால்ல தட்டைத் தூக்கிட்டு நிப்ப. எந்த மேசையிலயும் இடமிருக்காது. நின்னு பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்கோ."

சின்னவளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லூரியில், வணிகப் படிப்பு. தெருவில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்தான். ரகம் பார்க்கிற வேலையே இல்லை. இன்னொன்று, ஊருக்கு மேலே மேட்டில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில், துணிச் சாயங்களைப் பற்றிய வேதியியல். அந்தப் படிப்பு அங்கே மட்டும்தான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். புதியவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்டுவதும் அன்றைக்குத்தான்.

பத்து வயதிலிருந்து அவள் கறை எடுக்கிறாள். காபிக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, பேனா மைக்கு ஒன்று என்று கை தானாகவே பாட்டிலை எடுக்கும். ஆனால் துரு போய்விடுகிறது, அடியில் உள்ள சாயம் மட்டும் எப்படிப் போகாமல் நிற்கிறது என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "போகுதுல்ல? விடு." எட்டு வருடமாக அவளால் அதை விட முடியவில்லை.

"சரி, போய்ப் பார்த்துட்டாவது வரேன்," என்றாள்.

"போறதுன்னா இப்படியே போகாதே. உள்ளே நுழையும்போதே ரகம் தெரியணும்." அண்ணன் எழுந்து கடையின் பின்பக்கம் போனான். கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் அங்கே ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை உருவினான். நல்ல துணி, நல்ல தையல். இரண்டு வருடமாகக் கேட்பாரில்லாமல் தொங்கியது. சின்னவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அம்மா தோளை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "அழுக்காக்காம கொண்டா," என்றாள்.

மூன்று பேருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் வாடிக்கையாளருக்குரிய எண் எழுதிய மஞ்சள் துண்டு ஒன்றை ஊக்கால் குத்துவார்கள். கடைக்காரர்கள் அதைக் கழற்றுவதே இல்லை. துணி வீட்டுக்குப் போனபிறகு உடையவர்தான் கழற்ற வேண்டும். பொழுது விடிந்து பொழுது போகும்வரை மஞ்சளைப் பார்க்கிற கண்ணுக்கு அது துணியோடு பிறந்ததாகவே தோன்றிவிடும். கோட்டின் ஓரத்தில், அம்மாவின் கையெழுத்தில், எண்பத்தெட்டு தொங்கியது.

மேட்டில் அவளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் சேர்த்தார்கள். பாதிப் பேருடன் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். சுற்றிக்காட்ட வந்தவன் மூன்றாம் வருட மாணவன். தலை கலைந்திருந்தது, எவ்வளவு நேரம் எடுத்துக் கலைத்தானோ. தோளில் முரட்டுத் துணிப்பை. இரண்டு முட்டியிலும் பேண்ட் வாயைப் பிளந்திருந்தது. அண்ணன் சொன்ன மூன்றாவது ரகம் அச்சு அசலாக எதிரே வந்து நின்றது. மனசுக்குள் அவனுக்குக் கிழிசல் என்று பேர் வைத்துக்கொண்டாள்.

கிழிசல் நூலகத்தைக் காட்டினான். நூலகத்தைவிட, அதன் படிக்கட்டில் தான் எத்தனை போராட்டத்துக்கு உட்கார்ந்தேன் என்பதைத்தான் அதிகம் காட்டினான். ஒரு தகப்பனார் ஆய்வுக்கூடங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். "கட்டடத்தை எப்ப வேணா பார்க்கலாம் சார், முதல்ல மனுஷங்களைப் பாருங்க," என்று சொல்லிச் சாப்பாட்டு ஹாலுக்கு அழைத்துப் போனான்.

அங்கே அவன் சொன்னதைக் கேட்டு அவள் அசந்துபோனாள். அப்படியே அண்ணன் வசனம்.

"அந்த ஜன்னலோர மேசை, கோட்டுக் கூட்டம். தூண்கிட்ட இருக்கிறது, மார்க்கு வாங்குறதுக்குன்னே பொறந்தவங்க. நடுவுல வட்ட மேசை, நாங்க. இங்க பணத்தைப் பத்திப் பேசக் கூடாது, அதான் விதி." கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அவன் பார்வை சின்னவளின் கோட்டில் வந்து நின்றது. "நீங்க மேலாண்மைத் துறைதானே? ஜன்னலோரம் போயிடுங்க. தப்பா நினைக்காதீங்க, இந்தக் கோட்டுக்கு எங்க மேசையில இடம் கிடையாது."

"நான் சாயம்..." என்று தொடங்கினாள். அதற்குள் பின்னாலிருந்த ஒரு அம்மாள், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏம்மா, கோட்டுல ஏதோ சீட்டு தொங்குது பாரு!"

"ஓ," என்றான் கிழிசல். "சாயங்காலம் திருப்பிக் குடுக்கணுமோ?"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வுக்கூடம் கேட்ட தகப்பனார்கூடச் சிரித்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். எண்பத்தெட்டு. காது சூடாகியது. நிமிர்ந்தால் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று குனிந்தபடியே நின்றாள். அப்படி நின்றபோதுதான் எதிரே நின்றவனின் இடுப்பு அவள் கண்ணுக்கு நேராக வந்தது. பெல்ட் மாட்டும் வாரில், சட்டை விலகிய இடத்தில், அதே மஞ்சள். அதே கையெழுத்து. நானூற்றுப் பதினேழு.

நானூற்றுப் பதினேழை அவளுக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை தவறாமல் காரில் ஒரு டிரைவர் கொண்டுவந்து கொடுப்பார். கூடவே ஒரு குறிப்புச் சீட்டு வரும்: கிழிசல் பெரிதாகக் கூடாது. மடிப்புக்கோடு தெரியக் கூடாது. இஸ்திரி போட்டதுபோலவே இருக்கக் கூடாது. இதற்கு அம்மா வைத்த பேர், இஸ்திரி போடாத இஸ்திரி. சாதாரணப் பேண்ட்டைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கிற வேலை. முட்டிக் கிழிசல் மேலும் விட்டுப்போகாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய வலைத்துணி வைத்து அம்மாதான் தைத்திருந்தாள். நூலுக்கு நிறம் பார்த்துக் கொடுத்தது சின்னவள்.

அவள் நிமிர்ந்தாள். சத்தம் போடாமல், அக்கறையாகவே கேட்டாள்:

"முட்டியில உள்ளே வலை தைச்சிருக்கே, அது உறுத்துதா? அம்மா ரொம்ப நாளாக் கேட்கணும்னு சொல்லிட்டிருந்தாங்க."

கிழிசலின் முகம் செத்துப்போனது. அவள் பார்வை போன இடத்தைத் தொட்டுப் பார்த்து, துண்டைச் சட்டைக்குள் திணித்தான். வழக்கமாக வீட்டில் யாரோ கழற்றிவிடுவார்கள் போலிருக்கிறது, இன்றைக்கு மறந்துவிட்டார்கள். "எல்லாரும் தட்டு எடுத்துக்கோங்க, ஃப்ரீதான்," என்று குழுவை விரட்டிவிட்டு அவளைத் தூண் ஓரம் தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீங்க யாரு?"

"எண்பத்தெட்டு."

"ப்ளீஸ். இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்தப் பேரு வாங்க ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு."

"மேட்டுல சொல்லமாட்டேன்."

"வாங்க, எங்க மேசையிலயே உட்காருங்க. இடமிருக்கு."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் இல்லாத நாற்காலி எங்கிருந்து முளைத்தது என்று அவள் கேட்கவில்லை. "பரவாயில்லைங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு, கதவோரம் காலியாக இருந்த நீள மேசையில் போய் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

குழு மைதானத்தைப் பார்க்கப் போனது. அவள் போகவில்லை. இரண்டு பேரிடம் விசாரித்து, ஒரு படிக்கட்டில் ஏறி இன்னொன்றில் இறங்கி, சாய ஆய்வுக்கூடத்தைக் கண்டுபிடித்தபோது மணி நாலரை. உள்ளே வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பேராசிரியை தனியாக நின்று கண்ணாடிக் குடுவைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்து. தூசி வருது."

சாத்தினாள். சுவர் நெடுக நூல் கண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், கீழே எண். இங்கேயும் எண்தானா என்று நினைத்துக்கொண்டாள். பேராசிரியையின் மேலங்கிக் கையில் பழுப்பாக ஒரு கறை.

"கையை வெட்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

"போன மாசம்."

"வெந்நீர்ல அலசினீங்களா?"

பேராசிரியை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா."

"அப்போ போகாதுங்க. ரத்தக்கறை வெந்நீர் பட்டா உள்ளே பிடிச்சுக்கும்."

"தெரியும். வருஷா வருஷம் நான்தான் இதைப் பாடம் நடத்துறேன். அவசரத்துல மறந்துட்டேன், கேவலம். ஏன் பிடிச்சுக்குதுன்னு தெரியுமா?"

"பிடிச்சுக்கும்னு தெரியும். ஏன்னு தெரியாது."

"இங்க சேர்றியா?"

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம்."

பேராசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்புறம் இங்க நின்னு என்ன பண்ற? ஓடு!"

ஓடினாள். அலுவலக ஜன்னலை இழுத்துச் சாத்தப்போன எழுத்தர், முணுமுணுத்துக்கொண்டே படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டபோது மணி ஐந்தடிக்க ஆறு நிமிடம்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அண்ணன் கடையில் காத்திருந்தான். முதல் கேள்வியே அதுதான். "யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?"

"தனியா."

"சொன்னேன்ல?"

"நல்லாதான் இருந்துச்சு. கையை நீட்டி உட்காரலாம், பெரிய மேசை."

"அதுக்கு?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்த நேரம், டிரைவர் பையை வைத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை குறிப்பில் ஒரு வரி கூடியிருந்தது: எண் துண்டை மறக்காமல் நீங்களே கழற்றிவிடவும். சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹாலில் நடந்தது முழுவதையும் சொன்னாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. பேண்ட்டை எடுத்து முட்டியைத் திருப்பிப் பார்த்தான். வலையை விரலால் நெருடினான்.

"அம்மா, இதை எவ்ளோ நாளாத் தைக்கிற?"

"இவனுது ரெண்டு வருஷம். இந்த மாதிரி வேலை அஞ்சு வருஷமா வருது. இவன் மட்டுமா? இதே மாதிரி மேட்டுலேர்ந்து பதினோரு பேண்ட்டு வருது."

"அஞ்சு வருஷமாவா?" அவன் மேட்டில் தட்டோடு நின்றது மூன்று வருடத்துக்கு முன்னால். "அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்கே சொல்றது? அந்த நாலு மாசமும் நீ இந்தப் பக்கம் வந்தியா? சலவை வாடை ஒட்டிக்கும்னு அடுத்த தெரு வழியா சுத்திப் போனியே."

அண்ணன் பேண்ட்டை மடியில் விரித்து, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்க்க வேண்டாமென்று சின்னவள் பாட்டில்களை அடுக்கினாள்.

பிறகு எழுந்து மேசைக்கு வந்தான். "குடு அந்தப் பெட்டிய."

"உனக்குப் போடத் தெரியாதேடா," என்றாள் அம்மா.

"இதுக்குத் தெரிஞ்சா போதும்."

இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழ்வரை அழுத்தி இழுத்தான். கிழிசலை நட்டநடுவில் பிளந்துகொண்டு கோடு விழுந்தது. அம்மா குறிப்புச் சீட்டைக் காட்டினாள். "வேண்டாம்னு எழுதியிருக்கே."

"படிச்சேன்மா." இன்னொரு தடவை அழுத்தினான். "நேரா இருக்கா?"

சின்னவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "முட்டிகிட்ட கொஞ்சம் கோணல்."

"இருக்கட்டும்," என்றான் அண்ணன். மஞ்சள் துண்டை எடுத்து, நானூற்றுப் பதினேழு வெளியே தெரிகிற மாதிரி, பின்பக்க வாரில் குத்தினான்.